சுண்ணாம்புக்கு அடியில் இருந்த மண்டையோடு

"அந்த ஆளு சும்மா தெருவுல நடந்து போனாலும் நாலு குத்தம் சொல்லிட்டுத்தான் போவாரு" என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அதில் பொய் இல்லை. ஐம்பதுகளின் கடைசியில் சானிட்டரி இன்ஸ்பெக்டராக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே எனக்கு வாய் அதிகம், பொறுமை குறைவு. ஹோட்டலில் டம்ளரை எடுத்து முகர்ந்து பார்ப்பேன். கறிக்கடையில் ஈ உட்கார்ந்தால் நாலு பேர் முன்னால் கடைக்காரரைக் கேட்டுவிடுவேன். பால்காரர்கள் என் சைக்கிள் மணியைக் கேட்டதும் வேறு சந்தில் திரும்பிப் போவார்கள். என் வாய்க்குப் பயந்துதான் பாதி ஊர் சுத்தமாக இருக்கிறது என்று நானே பெருமையடித்துக்கொண்டதும் உண்டு. அப்படிப்பட்டவன், கட்டாயம் வாயைத் திறந்திருக்க வேண்டிய ஓர் இடத்தில் திறக்கவில்லை. வயதான பிறகு ஒவ்வொருவருக்கும் ஏதேதோ நினைவு வருகிறது. எனக்கு அந்த அரை நிமிஷம்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

வீடு திண்டிவனத்தில், மாதா கோவிலுக்குப் பின்னால். வேலை, அங்கிருந்து விழுப்புரம் போகும் பக்கம் ஒரு டவுன் பஞ்சாயத்தில். அந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே இன்னும் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களை வம்பில் இழுக்க எனக்கு விருப்பம் இல்லை. காலை பஸ்ஸில் போய் இறங்குவேன். ஆபீஸில் பூட்டி வைத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றக் கிளம்புவேன்.

அந்தக் காலத்தில் பஞ்சாயத்தில் வருஷா வருஷம் லைசென்ஸ் வாங்க வேண்டிய தொழில்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. அபாயகரமான, அருவருப்பான தொழில்கள் என்று தலைப்பு. வைக்கோல் போர், விறகுத்தொட்டி, தோல் கிடங்கு, கந்தகம், திராவகம் எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும். எது அபாயம், எது அருவருப்பு என்று பிரித்துச் சொல்ல ஆள் கிடையாது. அந்த ஆள் நான்தான் என்று எண்ணிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் நானே நிபந்தனை எழுதுவேன். எழுதிய நிபந்தனையைத் திரும்பப் போய்ப் பார்க்கிற வழக்கமும் எனக்கு இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் கூட.

ஊர் எல்லையில் ஒரு எண்ணெய் மில். முதலாளி மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விளைவித்து, வாங்கி விற்று, பிறகு மில் வைத்தவர். நல்ல மனுஷர்தான். எதைச் சொன்னாலும் "செஞ்சிடலாம் சார்" என்பார், முக்கால்வாசி செய்தும் விடுவார். வறுத்த மல்லாட்டை வாசனை பஸ் நிற்கும் இடம் வரை வரும். மில்லுக்குப் பின்னால் நீளமான ஒரு கொட்டகை போட்டு, மட்ட எண்ணெயில் சலவை சோப்பு காய்ச்சினார்கள். சோப்புக்குக் காஸ்டிக் சோடா வேண்டும். அது இரும்பு டிரம்களில் வரும். அதைத் தண்ணீரில் கரைத்து, மேல்மூடி வெட்டிய டிரம்களில் ஊற்றிப் பலகையால் மூடித் தெளிய விடுவார்கள். இரண்டு நாள் கழித்துப் பலகையைத் தள்ளிப் பார்த்தால் கிணற்றுத் தண்ணீர் தோற்றுப்போகும், அவ்வளவு தெளிவு. விரல் வைத்தால் முதலில் வழுவழுவென்று இருக்கும். அப்புறம்தான் கடிக்கும்.

முதல் வருஷம் நான் போனபோது தீயணைக்கத் தண்ணீர் இல்லை. கொட்டகை வராந்தாவில் நாலு டிரம் தண்ணீரும் மணல் வாளியும் எப்போதும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை எழுதினேன். முதலாளி உடனே நாலு டிரம் வைத்தார். எந்த டிரம்? காலியான காஸ்டிக் டிரம்தான், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. உள்ளறையில் காஸ்டிக் தண்ணீருக்கு நாலு, வெளியே நல்ல தண்ணீருக்கு நாலு, எட்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போல இருந்தன. நான் சத்தம் போட்டேன். ஒவ்வொன்றிலும் இன்னது என்று எழுத்துப் போட வேண்டும் என்றேன்.

அப்போதுதான் ஓர் அம்மாள் குறுக்கே பேசினார். பிண்ணாக்குக் களத்தில் வேலை செய்த பெண்களுக்கு மேஸ்திரி அவர். பனமலைக்காரர், கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். என் வாய்க்குச் சரியான வாய் அந்த ஊரில் அவருக்கு மட்டும்தான்.

"எழுத்துப் போட்டு இன்னாங்க பிரயோஜனம்? எங்கள்ல யாரு படிச்சிக்கினு நிக்கிறது? பாத்ததும் பயம் வர்ற மாதிரி எதாச்சும் போடச் சொல்லுங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. காஸ்டிக் தண்ணீர் டிரம் நாலுக்கும் முழுக்கச் சிவப்பு அடித்து, மண்டையோடும் குறுக்கே இரண்டு எலும்பும் போட வேண்டும் என்று நிபந்தனையை மாற்றி எழுதினேன். பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் வர்ணம் பூசுகிற பெயின்டர் ஒருவர் வந்து வரைந்தார். அவர் கைக்கு அழுத முகம் வராது போலிருக்கிறது. நாலு மண்டையோடும் பல்லைக் காட்டிச் சிரித்தன. முதலாளி கொள்முதல் நாளில் சிரிக்கிற சிரிப்பு இது என்று அந்த அம்மாள் சொல்ல, களமே சிரித்தது, முதலாளி உட்பட. அன்றிலிருந்து பெண்கள் அதற்கு 'மண்டையோட்டுத் தண்ணி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். யாரும் கிட்டப் போகவில்லை. இரண்டு வருஷம் ஒரு கீறல் இல்லை. என் வேலையில் நான் செய்த உருப்படியான காரியம் எது என்று யாராவது கேட்டிருந்தால் அந்த மண்டையோடுகளைத்தான் சொல்லியிருப்பேன். அது என் யோசனை இல்லை, அந்த அம்மாளின் யோசனை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்.

இதற்கு நடுவில் வேறொன்று நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் மற்றது புரியாது. கடைத்தெருவில் ஒரு கடை வாசலில் திருஷ்டி கழித்து உடைத்த பூசணிக்காய் இரண்டு நாளாகக் கிடந்து நாறியது. நான் வழக்கம்போல் கத்தினேன். கூட்டம் கூடிவிட்டது. அதிலிருந்து ஒருவர், வேதக்காரருக்கு எங்க பூசணிக்காய் மட்டும் கண்ணை உறுத்துதோ என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களை வேதக்காரர் என்பார்கள், அதில் வசை ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கேட்ட தொனியில் இருந்தது. அதுவரை யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. எல்லோர் வீட்டுக் கல்யாணத்திலும் சாப்பிட்டவன் நான். அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. இனிமேல் பூஜை, சாங்கியம் என்று எதைப் பார்த்தாலும் நமக்கென்ன என்று போய்விட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அந்த முடிவை ரொம்ப நல்ல குணம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

அறுபதுகளின் தொடக்கம். வேறெங்கோ ஒரு கிடங்கில் ரசாயனம் வெடித்ததாம். மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ரசாயனம் சேமித்து வைக்கிற இடங்களை எல்லாம் உள்ளூர் இன்ஸ்பெக்டரும் கடலூரிலிருந்து வருகிற ஓர் அதிகாரியும் சேர்ந்து பார்த்து, பாதுகாப்பு எப்படி இருக்கிறது என்று அறிக்கை கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் பெரிதாக இருந்தது அந்த மில் ஒன்றுதான். தேதியை நானே குறிக்கலாம் என்றார்கள். ஆயுத பூஜை முடிந்த நாலாம் நாளைக் குறித்தேன். பூஜைக்கு எல்லா மில்லும் கழுவித் துடைத்து மின்னும், வருகிற அதிகாரி முன்னால் நம் ஊர் மானம் போகாது என்று கணக்கு. முதலாளியிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லியும் வைத்தேன்: "எல்லாம் பளிச்சுன்னு இருக்கட்டும்."

பளிச்சென்றுதான் இருந்தது. மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கியது. வாழைக்கன்று வாடாமல் நின்றது. எந்திரங்களுக்கு எல்லாம் சந்தனம், குங்குமம். அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கியதுமே முகம் மலர்ந்துவிட்டார். முதலாளி தட்டில் பொரியும் சுண்டலும் கொடுத்தார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கொட்டகைப் பக்கம் போனோம்.

வராந்தாவில் எட்டு டிரம் வரிசையாக நின்றன.

எட்டும் வெள்ளை. அடியிலிருந்து நுனி வரை சுண்ணாம்பு அடித்து, விளிம்பில் காவிப் பட்டை இழுத்து, நடுவில் மூன்று விரலால் விபூதி, அதன் மேல் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமப் பொட்டு. சோப்பு அறையில் தரை பூசியிருந்தார்கள். ஈரம் காயும் வரை உள்ளே இருந்த நாலையும் வெளியே கொண்டுவந்து மற்ற நாலோடு வைத்திருந்தார்கள். சிவப்பும் இல்லை, மண்டையோடும் இல்லை.

என்ன நடந்திருக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. பூஜை அன்றைக்குக் கத்தி, சுத்தியல், தராசு, டிரம் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்க வேண்டும். மண்டையோட்டுக்கு யாராவது பொட்டு வைப்பார்களா? நல்ல நாளும் அதுவுமாக மண்டையோடு சிரித்துக்கொண்டு நிற்பதே ஆகாது. அதனால் மறைத்துவிட்டார்கள். வைத்த பொட்டு தானாக அழிய வேண்டும், நாமாகத் துடைக்கக் கூடாது என்று அதற்கும் ஒரு வழக்கம். எல்லாம் தெரிந்துதான் நின்றேன்.

அந்த அம்மாள் களத்து ஓரத்தில் துடைப்பத்தோடு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது கத்துவேன் என்று எதிர்பார்த்த முகம். நான் அவரைப் பார்த்தேன், டிரம்மைப் பார்த்தேன், குங்குமத்தைப் பார்த்தேன். இதைத் துடையுங்கள் என்று ஒரு வேதக்காரன் சொன்னால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. பூசணிக்காய்க் கூட்டம் கண் முன்னால் வந்தது. முதலாளியிடம் மெதுவாக, காஸ்டிக் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டேன். இந்த ஓரத்து நாலு சார் என்றார். அதிகாரி, இவ்வளவு சுத்தமாக ஒரு மில்லைத் தான் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு எழுதும்படி கை காட்டினார். தட்டைக் கீழே வைத்தேன். 'காஸ்டிக் டிரம்களில் எச்சரிக்கைக் குறிகள் போடப்பட்டுள்ளன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் இல்லையே, சுண்ணாம்புக்கு அடியில் இருக்கத்தானே இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். பூஜை வாசம் போனதும் இரண்டு நாளில் அவர்களே திரும்ப அடித்துவிடுவார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன். சுண்டல் நன்றாக இருந்தது என்பது கூட இன்னும் நினைவில் இருக்கிறது. அதை நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அறிக்கை எழுதி இரண்டாம் நாள் மத்தியானம் மில் குமாஸ்தா சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்தார். நான் போய்ச் சேரும்போது அந்த அம்மாளை முதலாளியின் காரில் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். நடந்ததைக் களத்துப் பெண்கள் சொன்னார்கள். பிண்ணாக்கு உடைத்த தூசி கண்ணிலும் மூக்கிலும் அப்பியிருக்கிறது. சாப்பிட உட்காரும் முன் முகம் கழுவ வராந்தாவுக்கு வந்திருக்கிறார். சோப்பு காய்ச்சுகிறவர் அதற்குள் இரண்டு டிரம்மை உள்ளே நகர்த்திவிட்டு, மிச்சம் இரண்டைச் சாப்பிட்டு வந்து நகர்த்தலாம் என்று போயிருக்கிறார். வராந்தாவில் ஆறு வெள்ளை டிரம். மண்டையோட்டுத் தண்ணி எல்லாம் உள்ளே போய்விட்டது என்று நினைத்திருக்கிறார். கடைசியில் இருந்ததைத் திறந்து சொம்பில் மொண்டு, கண்ணைத் திறந்து வைத்து வீசி அடித்திருக்கிறார். எரிந்ததும் அலறியிருக்கிறார். எரிச்சலைக் கழுவ அதே டிரம்மிலிருந்து இன்னொரு சொம்பு.

இன்னொரு சொம்பு என்று களத்துப் பெண் ஒருத்தி சொன்னபோது அவள் கை மொள்கிற மாதிரி அசைந்தது. நான் போய் அந்த டிரம்மின் முன்னால் நின்றேன். வழிந்த இடத்தில் சுண்ணாம்பு கரைந்து, ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு தெரிந்தது. குங்குமம் என்றுதான் முதலில் நினைத்தேன். தொட்டுப் பார்த்தேன், பெயின்ட்.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். பெரிய டாக்டர்கள் பார்த்தார்கள், செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தங்கின.

அந்த மாசமே பஞ்சாயத்தில் இதற்காகக் கூட்டம் போட்டார்கள். என் அறிக்கையைத் தலைவர் எல்லோர் முன்னாலும் படித்தார். எச்சரிக்கைக் குறி இருந்தது என்று அதில் இருக்கிறது, அப்புறம் எப்படி நடந்தது என்று உறுப்பினர் ஒருவர் கேட்டார். தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"குறி இருந்துச்சுங்களா சார்?"

ஒரு சொல்தான் சொல்ல வேண்டியிருந்தது. 'இல்லை' என்றால் என் கையெழுத்தும் கடலூர் அதிகாரியின் கையெழுத்தும் பொய்யாகும். வேலை போகலாம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இவை எல்லாம் காரணங்கள்தான், ஆனால் உண்மைக் காரணம் பயம். கறிக்கடையில் சிங்கம் மாதிரிக் கத்தியவன் அங்கே வாலைச் சுருட்டிக்கொண்டேன்.

"அறிக்கையில எழுதியிருக்கேங்க" என்றேன்.

அது அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. தொழிலாளியின் கவனக்குறைவு என்று தீர்மானம் எழுதினார்கள். அறிவில்லாமல் தானே போய்க் கையை விட்டாள் என்று ஊரும் பேசியது. மண்டையோடு போடச் சொல்லி என்னிடமே வாதாடிய பெண்ணை, கவனமில்லாதவள் என்று காகிதத்தில் ஏற்றி வைத்தோம். அந்தக் காகிதத்தில் நான் இரண்டு இடத்தில் இருக்கிறேன். அறிக்கையில் கையெழுத்தாக, கூட்டத்தில் மௌனமாக.

பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில் மாதா கோவில் சாமியாரிடம் சொன்னேன். பேர் ஊர் சொல்லாமல், ஒரு பொய் எழுதிவிட்டேன் என்று சொன்னேன். பத்து 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். சொன்னேன். பாதிப் பாவத்தைச் சொன்னவனுக்கு முழு மன்னிப்பு எப்படிக் கிடைக்கும்? நெஞ்சு கனத்தது கனத்தபடியே இருந்தது. அந்த அம்மாளைப் பார்க்கப் போக வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். அதற்குள் அவரைப் பனமலையில் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார்கள் என்று தெரிந்தது. தூரம் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு மாற்றல் வந்தது, பொம்மையார்பாளையம் பக்கம், கடலோரம். மீனுக்கு ஐஸ் போடுகிற ஒரு சின்ன ஐஸ் பாக்டரி அங்கே என் பார்வையில் இருந்தது. அம்மோனியா சிலிண்டர் வைத்திருந்தார்கள். ஆயுத பூஜை கழித்து நான் போனபோது சிலிண்டரின் கழுத்தில் எழுதியிருந்த எழுத்தின் மேல் அகலமாகச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்திருந்தது. பாக்டரி முதலாளியைக் கூப்பிட்டு, இதைக் கொஞ்சம் துடைக்க வேண்டும், தப்பாக நினைக்காதீர்கள் என்றேன். முதலாளி என்னை வினோதமாகப் பார்த்தார். "அதுக்கென்னா சார்" என்று தோளில் கிடந்த துண்டின் நுனியால் ஒரு இழுப்பு. சந்தனம் போய்விட்டது. தள்ளி அரை சாண் கீழே புதிதாக ஒரு பொட்டு வைத்துவிட்டு, டீ சாப்பிடுங்க என்றார்.

வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்துவிட்டது. அவ்வளவுதான் அது. துண்டு நுனியால் ஒரு இழுப்பு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பனமலைக்குப் பஸ் ஏறினேன்.

ஏரி நிறைந்திருந்தது. குன்றின் மேல் கோவில் தெரிந்தது. கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் புங்கமர நிழலில் சாக்கு விரித்து உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் காதுக்குப் பக்கத்தில் குலுக்கிப் பார்த்து, பொக்கை என்றால் தூக்கிப் போட்டார். நான் நின்றதும் தலையைத் திருப்பாமலே பேசினார்.

"யாரு, இன்ஸ்பெட்டர் சாரா? செருப்புச் சத்தமே சொல்லுது. குத்தம் கண்டுபுடிக்க வர்ற நடை."

உட்காரச் சொன்னார். பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. நேராகச் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு மண்டையோடு மறைஞ்சிருந்ததை நான் பாத்தேம்மா. பொட்டு வச்சிருக்கீங்களே, நான் துடைக்கச் சொன்னா தப்பா எடுத்துக்குவீங்களோன்னு சும்மா இருந்துட்டேன். கூட்டத்துலயும் சொல்லல. உங்க மேல பழி விழுந்தப்பவும் சொல்லல." சொல்லி முடித்ததும் கும்பிட்டேன். கும்பிட்டது அவருக்குத் தெரியாது என்று அப்புறம்தான் உறைத்தது.

அவர் இரண்டு மல்லாட்டை உரித்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"பொட்டுதானேங்க. சொல்லியிருந்தா முந்தானையால ஒரே இழுப்புல இழுத்திருப்பேன். சுண்ணாம்பு அடிச்சதே நாந்தான்."

இன்னொரு மல்லாட்டையைக் காதருகில் குலுக்கித் தூக்கிப் போட்டார். பிறகு, நான் கேட்காத ஒன்றைச் சொன்னார். அதைச் சொல்வதா வேண்டாமா என்று அவருக்குள் ஓடியது முகத்தில் தெரிந்தது.

"பெயின்டரு மாமியார் வூட்டுக்குப் போயிருந்தாருங்க, பூஜைக்கு. நீங்க வந்துட்டுப் போன மறுநாளு செவப்பு டப்பாவைத் தூக்கிக்கினு வந்து நின்னாரு. மண்டையோடு போடட்டான்னு கேட்டாரு. நாந்தான் திருப்பி அனுப்பிட்டேன். இன்ஸ்பெட்டர் சாரு நேத்து நின்னு நல்லாப் பாத்துட்டுப் போனாரு, ஒரு ஈ உக்காந்தாலே கத்துற மனுஷன் ஒண்ணுமே சொல்லல, அப்ப இப்பிடியே இருந்தா போதும் போல, பொட்டு போனப்புறம் வாங்கன்னு சொல்லிட்டேன்."

இத்தனை நாளும் நான் சும்மா இருந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். சும்மா இருக்கவில்லை. நான் பேசாமல் நின்றதை என் வாய்ச்சொல்லாகவே எடுத்துக்கொண்டு, வாசலுக்கு வந்த சிவப்பு டப்பாவை அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஊரிலேயே என் வாயை முழுசாக நம்பியவர் அவர் ஒருவர்தான். முகத்தைத் துடைத்து மூக்கை உறிஞ்சினேன். அழுகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. உரித்த மல்லாட்டையில் ஒரு கை அள்ளி, நான் இருந்த திசையில் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். தின்ன முடியவில்லை.

கிளம்ப எழுந்தேன். பஞ்சாயத்தில் போய் உண்மையை எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். பின்னால் எழுதியும் கொடுத்தேன். பழைய கோப்பு என்று வாங்கி வைத்தார்கள், அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அவர் அதைப் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போய்விட்டு வருகிறேன் என்றதும் கையை நீட்டி நிறுத்தினார்.

"வந்ததுக்கு வூட்ல எதாச்சும் குத்தம் சொல்லிட்டுப் போங்க சார். நீங்க ஒண்ணும் சொல்லாம போனா எனக்கு இப்பல்லாம் பயமா இருக்குது."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன், விளையாட்டு இல்லை. இடது கண்ணை என் நிழல் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தார். நான் சுற்றிலும் பார்த்தேன். அடுப்பைப் பார்த்தேன், கொடியைப் பார்த்தேன், வாசல் ஓரத்துப் பானையைப் பார்த்தேன்.

"தண்ணிப் பானைக்கு மூடி இல்லம்மா" என்றேன்.

அவர் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே போய், ஒரு தட்டைத் தேடி எடுத்து, பானையின் வாயை விரலால் அளந்து பார்த்து மூடினார். மூடிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டார்.